மஞ்சளாகிப்போன கம்பிகள்: பெங்களூருவில் பெரோவ்ஸ்கைட்டு நானோ கம்பி வளர்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்ததை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவின் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு. சிவப்பு ஒளியை உணரும் ஒரு ஒளி உணரியை, அதாவது போட்டோடிடெக்டரை, பெரோவ்ஸ்கைட்டு என்ற படிக வகையின் நானோ கம்பிகளால் (நானோமீட்டர் கணக்கில் அகலமுள்ள கம்பிகள்) செய்துபார்க்க வேண்டும் என்பது திட்டம். கரைசலில் வளர்த்த முதல் கம்பிகள் ஒரு தீபாவளி லீவில் மொத்தமாக மஞ்சளாகிப்போயின. அப்புறம் வழியை மாற்றி, அலுமினியம் ஆக்சைடு சவ்வின் நுண்துளைகளுக்குள்ளேயே கம்பிகளை வளர்த்தார்கள். அவை அடுத்த மழைக்காலத்தைத் தாண்டின. தாண்டியது கம்பிதான், முழு சாதனம் இல்லை. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம்.

அந்தச் சவ்வு செய்யும் அனோடைசிங் வேலையில், அதாவது அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு வளர்க்கும் வேலையில், அவர்களுக்குக் கை கொடுத்தவன் நான். குழுவில் சேலத்துப் பொண்ணு ஒருத்தி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள், கோவில்பட்டிக்காரர் ஒருவர் லேப் டெக்னீஷியன், வழிகாட்டி ஒரு மேடம். மூன்று பேரும் தமிழ் பேசுபவர்கள் என்பதால் விவாதமெல்லாம் தமிழில்தான் ஓடும். கன்னடம் தெரிந்த கேண்டீன் பையன் வந்தால் மட்டும் கொஞ்சம் அடங்குவார்கள்.

முதலில் பொருளைப் பற்றி. பெரோவ்ஸ்கைட்டு என்ற பெயர் 1839-இல் உரால் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் என்ற கனிமத்துக்கு குஸ்டாவ் ரோஸ் வைத்தது. அதே படிக அமைப்புள்ள எல்லாவற்றையும் இப்போது அந்தப் பெயரில் அழைக்கிறோம். நமக்கு வேண்டியது ஹாலைடு வகை: பெரிய நேர் அயனி ஒன்று (சீசியம், மீத்தைல் அம்மோனியம் அல்லது ஃபார்மமிடினியம்), நடுவில் காரீயம், அதைச் சுற்றி ஆறு குளோரைடோ புரோமைடோ அயோடைடோ. சீசியம் காரீய ஹாலைடுகள் ஒளி பட்டால் மின்சாரம் கடத்தும் என்பதை 1958-லேயே கோபன்ஹேகனில் மோலர் எழுதிவிட்டார். அதற்கப்புறம் நெடுங்காலம் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2009-இல் ஜப்பானில் மியசாகா குழு இந்த வகைப் பொருளை வைத்து 3.8 சதவீதத் திறனில் ஒரு சூரிய மின்கலம் செய்துகாட்டிய பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓடியது. 2015-இல் ஒரே வருடத்தில் சூரிச்சிலிருந்து சீசியம் காரீய ஹாலைடு நானோ படிகங்களும், பெர்க்லியில் பெய்டாங் யாங் குழுவிடமிருந்து அதே பொருளின் நானோ கம்பிகளும், வேறொரு குழுவிடமிருந்து நானோ கம்பி லேசர்களும் வந்தன.

கம்பி எதற்கு, மெல்லிய படலம் போதாதா என்று கேட்கலாம். படலத்தில் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், மின்னேற்றம் ஒவ்வொரு எல்லையிலும் தடுக்கி விழும். கம்பி பெரும்பாலும் ஒற்றைப் படிகம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடங்கல் குறைவு. நீளவாக்கில் ஒளியை உறிஞ்சி, குறுக்குவாக்கில் மின்னேற்றத்தைச் சேகரிக்கலாம். கம்பியின் இரண்டு முனைகளே கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்புவதால் லேசருக்கும் அது தானே அறையாகிவிடுகிறது. 2016-இல் பெர்க்லி குழு சீசியம் காரீய புரோமைடு கம்பியை ஒரு மணி நேரத்துக்கு மேல், நூறு கோடி ஒளித்துடிப்புகளுக்கு லேசராக ஓட்டிக்காட்டியது. அப்போதைக்கு அது பெரிய நிலைத்தன்மை.

ஆனால் கம்பி என்ற வடிவமே நிலைத்தன்மைக்கு எதிரி. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே தெரியும். படிகத்தின் அடிப்படை அலகு ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். 10 நானோமீட்டர் அகலமுள்ள சதுரக் கம்பியில் குறுக்கே சுமார் 17 அலகுகள்தான் அடங்கும், அதில் வெளி ஓரத்தில் நிற்பவை 22 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று எப்போதும் காற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அதே கம்பி 200 நானோமீட்டர் அகலம் என்றால் வெளியே நிற்பது 1.2 சதவீதம். ஒல்லியான கம்பியில் குவாண்டம் விளைவு, அழகான ஒளி உமிழ்வு என்றெல்லாம் ஆசைப்படுபவர்கள் இந்த 22-ஐ முதலில் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

குழு தேர்ந்தெடுத்தது சீசியம் காரீய அயோடைடு. காரணம் நியாயமானது. அதன் ஆற்றல் இடைவெளி (ஒளியை உறிஞ்ச அந்த ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 1.73 எலக்ட்ரான் வோல்ட், சிவப்பு முழுக்க, சுமார் 715 நானோமீட்டர் வரை உறிஞ்சும். கரிம அயனி இல்லாததால் சூட்டில் ஆவியாகிப் போக எதுவும் இல்லை. மீத்தைல் அம்மோனியம் வகைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அமீனாகவும் ஹைட்ரஜன் அயோடைடாகவும் கழன்று காரீய அயோடைடை மட்டும் விட்டுச் செல்லும், அந்தத் தலைவலி வேண்டாம் என்று நினைத்தார்கள். செய்முறை வழக்கமான ஹாட் இன்ஜெக்‌ஷன்தான்: ஆக்டடெசீனில் காரீய அயோடைடு, ஒலிக் அமிலம், ஒலைல் அமீன், நைட்ரஜனில் சூடாக்கி, சீசியம் ஒலியேட்டை ஊசியால் சட்டென்று உள்ளே செலுத்த வேண்டும். சில நொடிகளில் நிறுத்தினால் கனசதுரங்கள், நீண்ட நேரம் விட்டால் கம்பிகள். குடுவையில் கறுஞ்சிவப்பாக, பார்க்கவே நன்றாக வந்தது.

பிரச்சினை கழுவும்போதே தொடங்கிவிட்டது, யாரும் அதை அப்போது பிரச்சினை என்று எண்ணவில்லை. கம்பியைச் சுற்றி ஒலிக் அமிலமும் ஒலைல் அமீனும் ஒரு மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே டிடெக்டருக்குத் தோலைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் கம்பியின் மேற்பரப்பு வெறுமையாகும். மீத்தைல் அசிடேட் போட்டு மையவிலக்கியில் சுற்றச்சுற்ற மின்னோட்டம் கூடியது, ஆயுள் குறைந்தது. இந்த இழுபறியைத் தீர்க்காமல் கரைசல் வழியில் யாரும் மேலே போக முடியாது என்பது என் எண்ணம். அந்தத் தோலின் பிடிப்பே நிலையற்றது, அமீனும் அமிலமும் ஒன்றுக்கொன்று புரோட்டானைக் கொடுத்து வாங்கித் தாங்களாகவே கழன்றுவிடும்.

அப்புறம் தீபாவளி. பெங்களூருவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற பஸ்களில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் எல்லோரும் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிவிட்டார்கள். கண்ணாடித் துண்டுகளில் தடவிய கம்பிகள் டெசிக்கேட்டருக்குள் (ஈரம் படாமல் பொருளை வைக்கும் மூடிய பாத்திரம்), கீழே ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல். வெளியே நவம்பர் மழை. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஜெல் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது, கண்ணாடித் துண்டுகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். டெக்னீஷியன் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "எங்க ஊர்ப் பக்கம் மழை ஈரத்துல தீப்பெட்டி மருந்து கலக்கவே மாட்டாங்க மா. காத்து காய்ஞ்சாத்தான் கை வைப்பாங்க." கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு அந்த மண்ணின் வறண்ட காற்று ஒரு காரணம்; ஈரம் ஒரு வேலையைக் கெடுக்கும் விதத்தை அவர் சின்ன வயசிலேயே பார்த்தவர். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், சென்னை மாதிரி புழுங்காது, அதனால் ஈரம் இல்லை என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மழைக்கால விடியலில் இங்கே ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். உடம்புக்குத் தெரியாத ஈரம் கம்பிக்குத் தெரியும்.

மஞ்சள் ஆனதும் முதல் கேள்வி: எந்த மஞ்சள்? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் நான் பார்த்த பல ஆய்வேடுகளில் இதைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். காரீய அயோடைடும் மஞ்சள். சீசியம் காரீய அயோடைடின் டெல்டா என்ற இன்னொரு படிக நிலையும் மஞ்சள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவது என்றால் பொருள் சிதைந்துவிட்டது, பாகங்கள் பிரிந்துவிட்டன. இரண்டாவது என்றால் ஒரு அணுகூட வெளியே போகவில்லை, அடுக்குமுறை மட்டும் மாறியிருக்கிறது. எக்ஸ்.ஆர்.டி., அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அது எந்தக் கோணங்களில் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனை, எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும்: காரீய அயோடைடு 12.7 டிகிரியில் கூர்மையாக ஒரு உச்சம் காட்டும், டெல்டா நிலை 9.8-லும் 13.1-லும் காட்டும், நல்ல கறுப்பு நிலையின் முதல் பெரிய உச்சம் 14 டிகிரியை ஒட்டி இருக்கும். குழுவின் துண்டுகளில் 9.8-உம் 13.1-உம் இருந்தன, 12.7 இல்லை. ஆக சிதைவு இல்லை, நிலைமாற்றம்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு 1926-இல் கோல்ட்ஷ்மிட் தந்த ஒரு எளிய விகிதம் போதும். கூண்டின் அளவுக்கு உள்ளே உட்காரும் அயனி பொருந்துகிறதா என்று அது சொல்கிறது. 1 என்றால் கச்சிதம். சீசியத்துக்கும் காரீய அயோடைடுக் கூண்டுக்கும் கணக்கிட்டால் சுமார் 0.85 வருகிறது, அதாவது கூண்டு பெரிது, சீசியம் சின்னது. கறுப்பு நிலை 300 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் இயல்பாக நிற்கும். அறை வெப்பத்தில் அது கீழே இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும் நிலை, அவ்வளவுதான். நீராவி அந்த வழியைத் திறந்துவிடுகிறது. நீர் இங்கே வினைபொருள் இல்லை, வினையூக்கிபோல் மேற்பரப்பில் ஒட்டி, ஹாலைடு காலியிடங்களை (ஹாலைடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பது) உண்டாக்கி, புதிய அடுக்குமுறைக்கு முதல் விதையைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஒரு விதை விழுந்தால் கம்பி முழுக்கப் பரவும். மஞ்சள் நிலை கறுப்பைவிட அடர்த்தியாக அடங்குவதால் திரும்பி வர அதற்கு எந்த அவசரமும் இல்லை.

நிலைமாற்றம்தானே, சூடாக்கினால் திரும்புமே என்று மாணவி கேட்டாள். திரும்பும். ஹாட் பிளேட்டில் 330 டிகிரிக்கு ஏற்றியதும் துண்டு கறுத்தது, ஆனால் அந்தச் சூட்டில் தோல் கருகி, கம்பிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, கம்பி என்ற வடிவமே போய்விட்டது. கறுப்புக் கிடைத்தது, கம்பி கிடைக்கவில்லை.

நடுவில் இன்னொரு குழப்பம். மஞ்சளாவதற்கு முன் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் கம்பிகளின் மேல் சின்னச்சின்ன வெள்ளைப் புள்ளிகள். அவைதான் கெடுதலின் தொடக்கம் என்று ஒரு வாதம் வலுவாகக் கிளம்பியது. மேடம் ஒரே இடத்தை மறுபடி மறுபடி ஸ்கேன் பண்ணச் சொன்னார், புள்ளிகள் கண்ணெதிரே பெருகின. எலக்ட்ரான் கற்றையே அயோடைடை விரட்டிவிட்டுக் காரீயத்தைத் துளித்துளியாக மிச்சம் வைக்கிறது. ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் குறைந்த மின்னழுத்தம், குறைந்த மின்னோட்டம், வேண்டிய இடத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் மற்ற சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு என்று பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கருவி உண்டாக்கிய காயத்துக்குப் பொருளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, இனி என்ன செய்வது? அயோடைடுக்குப் பதில் புரோமைடு போட்டால் பாதிக் கவலை தீரும், அது அறை வெப்பத்தில் பெரோவ்ஸ்கைட்டாகவே நிற்கும். ஆனால் அதன் இடைவெளி 2.3 எலக்ட்ரான் வோல்ட், பச்சையோடு நின்றுவிடும், சிவப்பு டிடெக்டர் என்ற திட்டமே செத்துப்போகும். (தண்ணீர் பட்டால் அதுவும் பாடுபடும்: சீசியம் புரோமைடு கரைந்து வெளியேறி, காரீயம் கூடுதலான, ஒளிராத வேறு ஒரு சேர்மம் மிஞ்சும்.) அயோடைடும் புரோமைடும் கலந்தால்? கலக்கலாம், வெளிச்சம் பட்டதும் இரண்டும் தனித்தனிக் கூட்டமாகப் பிரியும் வியாதி இருக்கிறது. ஹோக்கும் கூட்டாளிகளும் 2015-இல் காட்டியது. ஒளியை உணர வேண்டிய சாதனம் ஒளியால் மாறிப்போனால் அதை வைத்து என்ன அளப்பது? மூன்றாவது வழி, உள்ளே உட்காரும் அயனியைப் பெரிதாக்குவது. ஃபார்மமிடினியம் போட்டால் கோல்ட்ஷ்மிட் விகிதம் 0.99-க்குப் போகிறது, இடைவெளி 1.48 எலக்ட்ரான் வோல்ட்டாக இறங்கி, 830 நானோமீட்டர் வரை, அகச்சிவப்பின் வாசல் வரை உணரலாம். ஆனால் இதற்கும் ஒரு மஞ்சள் நிலை உண்டு, கறுப்புக்கு 150 டிகிரி வேண்டும். ஃபார்மமிடினியத்தோடு கொஞ்சம் சீசியம் கலந்து நடுவில் நிறுத்துவது படலங்களில் எல்லோரும் செய்வது. பொருளை ஆவியாக அனுப்பி வளர்க்கும் வழியில் அது சுலபமில்லை. சீசியம் அயோடைடு ஆவியாகப் பல நூறு டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் ஃபார்மமிடினியம் அயோடைடு சிதைந்தே போய்விடும்.

மேடம் வேறு கோணத்தில் யோசித்தார். எந்தப் பொருளைப் போட்டாலும் கம்பியின் பக்கவாட்டு முழுக்கக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, முதலில் அதை மூடினால் என்ன? ஹாங்காங்கில் ஷியோங் ஃபான் குழு பல வருடங்களாகச் செய்வது இதைத்தான். 2020-இல் அவர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட செயற்கைக் கண்ணில் விழித்திரைக்குப் பதிலாக இருப்பது அரைக்கோள அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) சவ்வுக்குள் வளர்ந்த ஃபார்மமிடினியம் காரீய அயோடைடு கம்பிகள்தான், சதுர சென்டிமீட்டருக்கு 46 கோடி. கம்பியை வளர்த்துவிட்டு மூட வழி தேடாமல், முதலில் சுவரைக் கட்டிவிட்டு அதற்குள் கம்பியை வளர்ப்பது.

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அலுமினியத்தை அமிலத்தில் நேர்முனையாக வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சைடு வளரும், சரியான நிலைமைகளில் அது தேன்கூடு மாதிரி ஒழுங்கான நேர்த்துளைகளோடு வளரும். 1995-இல் மசுதாவும் ஃபுகுதாவும் ஆக்சாலிக் அமிலத்தில் இதைக் காட்டினார்கள். துளைக்குத் துளை தூரம் ஒரு வோல்ட்டுக்கு 2.5 நானோமீட்டர் என்பது மனசில் வைத்துக்கொள்ள எளிதான விதி: கந்தக அமிலத்தில் 25 வோல்ட் என்றால் 63 நானோமீட்டர், ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் என்றால் 100, பாஸ்பாரிக் அமிலத்தில் 195 வோல்ட் என்றால் 500. ஹாங்காங் கண்ணின் 46 கோடி எங்கிருந்து வந்தது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். 500 நானோமீட்டர் இடைவெளியுள்ள அறுகோண அடுக்கைக் கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்குச் சரியாக அதுதான் வரும்.

195 வோல்ட்டைக் கேட்டதும் நான் வேண்டாம் என்றேன். அந்த மின்னழுத்தத்தில் அமிலம் உறைநிலையை ஒட்டி இருக்க வேண்டும், அதைக் குளிர்விக்கும் சில்லர் ஒரு நிமிடம் தூங்கினால் ஒரு இடத்தில் மின்னோட்டம் குவிந்து தகடு கருகிவிடும், எங்கள் பகுதியில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அது போதும். 40 வோல்ட் ஆக்சாலிக் மன்னிக்கும் குணமுள்ளது. மிகத் தூய அலுமினியத் தகட்டை பெர்குளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த குளிர்ந்த கலவையில் மின்வழி மெருகேற்றினோம் (இந்தக் கலவை சூடானால் வெடிக்கும், ஃபியூம் ஹூடுக்குள், ஐஸில் வைத்து, பக்கத்தில் வேறு கரைப்பான் பாட்டில் எதுவும் இல்லாமல்). முதல் அனோடைசிங்கில் மேலே துளைகள் கோணலாகத் தொடங்கும், ஆழம் போகப்போக ஒழுங்குக்கு வரும். அதனால் அந்த முதல் ஆக்சைடை குரோமிக்-பாஸ்பாரிக் கலவையில் முழுக்கக் கரைத்துவிட்டால் கீழே உலோகத்தில் ஒழுங்கான குழிகள் மட்டும் மிஞ்சும், இரண்டாவது தடவை துளைகள் அந்தக் குழிகளிலிருந்தே நேராக இறங்கும். பிறகு பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துளைகளை 50 நானோமீட்டருக்கு அகலப்படுத்தினோம்.

ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 100 நானோமீட்டர் இடைவெளியில் 50 நானோமீட்டர் துளை என்றால் பரப்பில் 23 சதவீதம்தான் பெரோவ்ஸ்கைட்டு, மிச்சம் எல்லாம் சுவர். படலத்தோடு ஒப்பிட்டு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்டால் கம்பி தலைகுனிய வேண்டியிருக்கும். கம்பி நீளமாக இருப்பதால் ஓரளவு ஈடுகட்டும், அவ்வளவுதான்.

இந்த முறை எடுத்த பொருள் ஃபார்மமிடினியம் காரீய அயோடைடு. துளைக்குள் அதை எப்படி நிரப்புவது? கரைசலை ஊற்றி உறிஞ்சவிட்டால் ஆகாதா என்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. ஆகாது, அதற்கும் கணக்கே பதில். ஒரு மோலார் கரைசல் துளையை நிரப்பிக் காய்ந்தால் மிஞ்சும் ஃபார்மமிடினியம் காரீய அயோடைடு அந்தக் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம், மிச்சம் 85 சதவீதம் வெற்றிடம். கம்பி கிடைக்காது, துண்டுதுண்டான மணிகள்தான் கிடைக்கும், ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் மின்தொடர்பு இருக்காது. ஆவி வழி இதைத் தலைகீழாக்குகிறது. துளையின் அடியில் கொஞ்சம் காரீய உலோகத்தை மின்வழி படியவைத்து, மேலிருந்து ஃபார்மமிடினியம் அயோடைடு ஆவியை அனுப்பினால் உலோகமே பெரோவ்ஸ்கைட்டாக மாறியபடி மேலே வளரும். காரீயத்தின் மோலார் கனஅளவு 18 கன சென்டிமீட்டர், பெரோவ்ஸ்கைட்டின் மோலார் கனஅளவு 155. எட்டு மடங்குக்கு மேல் உப்புகிறது. அடியில் ஒரு மைக்ரான் காரீயம் வைத்தால் எட்டு மைக்ரான் கம்பி, இடைவெளியில்லாமல் சுவரை நெருக்கிக்கொண்டு.

சொல்ல எளிது. துளையின் அடியில் அலுமினியத்துக்கும் துளைக்கும் நடுவே ஒரு தடுப்பு ஆக்சைடு அடுக்கு இருக்கிறது, 40 வோல்ட்டில் வளர்த்தால் அதுவும் 40 நானோமீட்டர் அளவுக்கு. அது மின்சாரத்தை விடாது. அனோடைசிங்கின் கடைசியில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகச் சில வோல்ட் வரை இறக்கினால் தடுப்பும் மெலியும், அதன் பிறகு 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் காரீயம் உள்ளே இறங்கும். அவசரப்பட்டு வேகமாக இறக்கினால் அடியில் துளைகள் கிளைவிட்டு மரவேர் ஆகிவிடும், ஒரு துளை நிரம்பும், பக்கத்துத் துளை காலியாக நிற்கும். இந்தப் படிக்குத்தான் எங்கள் நேரம் பெரும்பாலும் போனது. பிறகு சவ்வை நன்றாகச் சூடாக்கிக் காயவைக்க வேண்டும், அலுமினாச் சுவர் தண்ணீரை விரும்பி ஒட்டவைத்துக்கொள்ளும், ஈரச் சுவருக்குள் கம்பி வளர்த்தால் திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். கடைசியாகக் குழாய் உலையில் ஆர்கான் ஓட்டத்தில் 150-க்குச் சற்று மேல். வெளியே வந்த தகடு நல்ல கறுப்பு. எக்ஸ்.ஆர்.டி.யில் 14 டிகிரியை ஒட்டி உச்சம், மஞ்சள் நிலையின் 11.8 டிகிரி உச்சம் இல்லை.

இப்போது ஒப்பீடு. நிலையானது என்று சும்மா எழுதுவதில் எனக்கு எரிச்சல். எந்த வெப்பம், எந்த ஈரம், இருட்டிலா வெளிச்சத்திலா, மின்னழுத்தம் கொடுத்தா கொடுக்காமலா என்று சொல்லாத நிலைத்தன்மைக்கு அர்த்தமே இல்லை. சூரிய மின்கலக்காரர்கள் 2020-இல் ஒன்றுகூடி ஐ.எஸ்.ஓ.எஸ். என்ற சோதனை முறைகளைப் பெரோவ்ஸ்கைட்டுக்காக ஒழுங்குபடுத்தினார்கள், அதில் டி-1 என்பது இருட்டில், சாதாரண அறைக் காற்றில் வைத்துப் பார்ப்பது. சந்தைக்குப் போகும் சூரியத் தகடுகள் 85 டிகிரி, 85 சதவீத ஈரத்தில் 1000 மணி நேரம் தாங்க வேண்டும். குழு தன் நிலைமைக்கு ஏற்ற டி-1-ஐ எடுத்துக்கொண்டது, பக்கத்தில் ஒரு வெப்ப-ஈரமானியையும் வைத்துப் பதிவு செய்தது. ஜூனில் மழை பிடித்ததும் ஒரே தட்டில் நான்கு மாதிரிகள்: கரைசலில் வளர்த்த தனிக் கம்பிகள், கண்ணாடி மேல் படலம், துளைக்குள் கம்பி மேல்முனை திறந்தபடி, துளைக்குள் கம்பி மேலே கண்ணாடித் துண்டும் எபாக்சியும் போட்டு மூடியபடி.

தனிக் கம்பிகள் அடுத்த நாளே மஞ்சள். படலம் முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். திறந்த துளைகளில் விஷயம் சுவாரசியமானது: தகடு மொத்தமாக மாறவில்லை, வெட்டிய ஓரங்களிலும் கீறல் விழுந்த இடங்களிலும் மட்டும் மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பரவாமல் நின்றுவிட்டன. ஈரம் உள்ளே வர ஒரே வழி மேல்முனை, அந்த 50 நானோமீட்டர் வாய். ஒரு கம்பியில் மஞ்சள் விதை விழுந்தாலும் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கம்பிக்குப் போக முடியாது. படலத்தில் ஒரு விதை ஊரையே பிடிக்கும், இங்கே ஒரு வீட்டோடு நிற்கும். மூடிய மாதிரி மழைக்காலம் முடிந்தும் கறுப்பாகவே இருந்தது, எக்ஸ்.ஆர்.டி.யிலும் மாற்றமில்லை.

கறுப்பாக இருந்தது என்பதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கட்டுரை ஆகியிருக்கும். மின் அளவீடு வேறு கதை சொன்னது. மேல் மின்முனையாகத் தங்கத்தை மெலிதாக ஆவியில் படியவைத்திருந்தார்கள், நிழல் முகமூடி (வெட்டுத் திறப்புள்ள தகடு) வழியாக, ஏனென்றால் ஒளியால் வடிவம் பதிக்கும் போட்டோலித்தோகிராபியின் டெவலப்பர் தண்ணீரில் கரைந்தது, அதில் பூசும் ரெசிஸ்ட் படலத்தை எடுக்கப் பயன்படும் அசிட்டோன் போன்ற கரைப்பான்களும் கம்பிமுனைக்கு நல்லதில்லை. தங்கத்தில் வயர் ஒட்டச் சில்வர் பேஸ்ட். மாதங்கள் போகப்போக இருட்டு மின்னோட்டம் (ஒளி படாதபோதும் ஓடுவது) மெல்ல ஏறியது, ஒளி மின்னோட்டம் சில முனைகளில் சட்டென்று விழுந்தது. விழுந்தவை எல்லாம் பேஸ்ட் தங்கத்தின் ஓரம் தாண்டி வழிந்த முனைகள். அயோடைடும் வெள்ளியும் சந்தித்தால் வெள்ளி அயோடைடு, அது தொடர்பை அறுத்துவிடும். வெள்ளியைத் தூக்கிவிட்டுக் கார்பன் பேஸ்ட்டுக்கு மாறியதும் திடீர் விழுதல்கள் நின்றன.

மெதுவான ஏற்றம் நிற்கவில்லை. அது அயனிகள் நகர்வதால். இந்தப் பொருளில் அயோடைடு காலியிடங்கள் மின்புலத்தில் நடக்கும். சுவர் பக்கவாட்டில் தடுக்கிறது, நீளவாக்கில் தடுக்க அங்கே எதுவும் இல்லை, சொல்லப்போனால் கம்பி அவற்றுக்கு ஒரு நேர்வழி. மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு வளைவு, இறக்கும்போது வேறொரு வளைவு. மாணவி ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் குறிப்பிட்ட நேரம் ஒரே மின்னழுத்தத்தில் இருட்டில் நிறுத்தி, பிறகே விளக்கைப் போடுவது என்று முறை வகுத்தாள். எண்கள் சீராயின. நோய் தீரவில்லை, அளப்பது சீரானது.

ஆக, ஈரத்தால் வரும் நிலைமாற்றத்தைச் சுவர் தீர்த்தது, முனைகளில் வரும் வேதிவினையைச் சரியான தொடர்புப் பொருள் தீர்த்தது, நீளவாக்கில் ஓடும் அயனிகளை இரண்டும் தொடவில்லை. இவை மூன்றையும் நிலைத்தன்மை என்ற ஒரே பெயரில் கட்டிவைத்துப் பேசுவதால்தான் ஒரு குழு "நிலையானது" என்கிறது, அடுத்த குழு அதையே செய்துபார்த்துவிட்டு "இல்லை" என்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை.

இதை முயல நினைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு விஷயம். நல்ல உலையும், காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸும் உங்கள் கல்லூரியில் இல்லை என்றால் ஐ.என்.யு.பி. (இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம்) வழியாக விண்ணப்பித்து இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களின் நானோ வசதிகளைப் பயன்படுத்தலாம், வெளி மாணவர்களுக்கென்றே உள்ள திட்டம் அது. அனோடைசிங் வரை ஊரிலேயே செய்துவிட்டுச் சவ்வோடு வந்தால் இங்கே நேரம் மிச்சம். அப்புறம் கழிவு. கழுவிய நீர், துடைத்த டிஷ்யூ, உடைந்த கண்ணாடி எல்லாம் காரீயக் கழிவு, தண்ணீரில் கரையும் காரீயம் என்பதால் சாதாரணக் காரீயத்தைவிட மோசம். ஒரு துளிகூட சிங்க்கில் போகக் கூடாது. இந்த லேபில் அதற்கென்று தனி டப்பா, அதன் சாவி டெக்னீஷியன் அண்ணனிடம், மேடமே கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார்.

குழு இப்போது பார்த்துக்கொண்டிருப்பது துளையின் அடித்தடுப்பை. அதை முழுக்க எடுக்காமல் ஒன்றிரண்டு நானோமீட்டர் மிச்சம் வைத்தால் மின்னேற்றம் ஊடுருவிப் போகும், அயோடைடு போய் அலுமினியத்தை அரிப்பது குறையும் என்பது கணிப்பு. எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதற்கு, மின்னழுத்தத்தை இறக்கும் கடைசிப் படியை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி ஒரு வரிசை மாதிரிகள் செய்துகொண்டிருக்கிறோம். இந்த முறை எல்லாமே கார்பன் பேஸ்ட்டோடு.